துரைராசாவுக்கு லண்டன், எனக்குத் தூத்துக்குடி

எங்கள் கம்பெனியில் ஒரே வாரத்தில் இரண்டு பேரைக் கடல் தாண்டி அனுப்பினார்கள். என் தங்கை பூரணத்தின் புருஷன் துரைராசாவை லண்டனுக்கு அனுப்பினார்கள். என்னைத் தூத்துக்குடிக்கு அனுப்பினார்கள். அவன் கப்பலில் தனி அறையில் படுத்துக்கொண்டு போனான். நான் கொழும்பிலிருந்து பாக்கு மூட்டை ஏற்றிய தோணியில், மூட்டைக்கும் மூட்டைக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டு போனேன்.

இரண்டு பேருக்கும் வேலை ஒன்றுதான். களனி ஆற்றுக்கு அடியில் தண்ணீர்க் குழாய் கொண்டுபோக ஒரு சுரங்கம் தோண்டவேண்டும். பாறையாக இருந்தால் உடைத்துக்கொண்டு போய்விடலாம். அங்கே இருப்பது தண்ணீரில் ஊறிய வெறும் மணல். லண்டனில் இப்படிப்பட்ட மணலுக்குள்ளே எப்படிப் போகிறார்கள் என்று பார்த்து வர துரைராசா. அந்த மணலுக்குள்ளே நின்று வெட்ட ஆள் பிடித்து வர நான். உலகச் சண்டை முடிந்து அப்போதுதான் ஊர்கள் மூச்சுவிட ஆரம்பித்திருந்தன. லண்டன் போவதென்றால் சும்மா இல்லை. தெருவே வந்து அவனுக்கு மாலை போட்டது.

எனக்குப் பொறாமைதான். அதை மறைத்து எழுதினால் இந்தப் பயணத்தில் எழுத ஒன்றுமே மிஞ்சாது. தங்கைமாரைக் கரையேற்றவேண்டும் என்று நான் கலியாணம் கட்டாமல் தலை நரைத்தேன். பூரணத்தின் சீதன வீட்டுக்குக் கல் கல்லாகப் பார்த்து வாங்கியவன் நான். அதன் விறாந்தையில் சாய்மனைக் கதிரை போட்டுப் படுப்பவன் அவன். கம்பெனிக்கு அவனைக் கூட்டிவந்து சேர்த்ததும் நான்தான்.

ஆனால் எங்கள் தலைமை எஞ்சினியர் எனக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். முத்துக் குளிக்கிற ஆட்கள் கடலின் அழுத்தம் பழகியவர்கள், அவர்களை நீ கொண்டுவந்துவிட்டால் சுரங்க முகப்பு உனக்கு என்றார். சுரங்க முகப்பு என்றால் ஆற்றுக்கு அடியில் எல்லோருக்கும் முன்னால் நிற்கிற இடம். சுரங்கம் அக்கரையில் திறக்கும்போது முதலில் வெளியே வருகிற தலை என்னுடையதாக இருக்கும். நான் வெறுங்கையோடு திரும்பினால் அதுவும் துரைராசாவுக்குத்தான்.

தோணி பாதி வழியில் நின்றுவிட்டது. காற்று இல்லை. பாய் துவைத்துப் போட்ட வேட்டி மாதிரித் தொங்கியது. தோணியின் தலைவரைத் தண்டல் என்கிறார்கள். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "காத்து வரும்போது வரும்" என்று சொல்லிவிட்டுப் படுத்தார். படுத்தவுடன் தூங்கினார். எனக்கு அவருடைய தூக்கத்தின் மேலும் பொறாமையாக இருந்தது. சமையல்காரன் கொடுத்த சோறும் கருவாட்டுக் குழம்பும் மட்டும் குறை சொல்ல முடியாதபடி இருந்தன. இந்நேரம் துரைராசா முள்ளுக் கரண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பான் என்று நினைத்தபோது இன்னும் கொஞ்சம் சாப்பிட முடிந்தது.

தூத்துக்குடிக் கடல் ஆழமில்லாதது. பெரிய கப்பல்களெல்லாம் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் நின்று சரக்கை வள்ளங்களில் இறக்கிக்கொண்டிருந்தன. எங்கள் தோணி அவற்றைத் தாண்டி நேராகக் கரைக்குப் போனது. அன்று எனக்குக் கிடைத்த ஒரே பெருமை அதுதான். சுங்கக்காரர் என் பெட்டியைத் திறந்து அழுத்தமானியையும் பித்தளை வால்வையும் எடுத்து வைத்துக்கொண்டு, இது என்ன குண்டு என்று கேட்டார். ஆற்றுக்கு அடியில் சுரங்கம் தோண்டுவதற்கு என்றேன். அதற்குப் பிறகு இன்னும் நிறையக் கேள்வி கேட்டார்.

குளியாட்களில் கெட்டிக்காரன் கித்தேரியான் என்று தண்டல் சொல்லியிருந்தார். மறுநாள் காலையில் அவன் வீட்டைத் தேடிப் போனேன். மாதா கோயிலுக்குப் பின்னால், கடலைப் பார்த்த தெரு. ஜட்கா வண்டி தெரு முனையில் மணலில் புதைந்து, குதிரை இனி ஓர் அடி வைக்கமாட்டேன் என்று நின்றுவிட்டது. இறங்கி நடந்தேன். சப்பாத்துக்குள் மணல் புகுந்தது. மணலைப் பற்றிப் பேச வந்தவனை மணல் முதலில் வந்து விசாரித்துவிட்டுப் போனது.

கித்தேரியானுக்கு முப்பது வயதிருக்கும். மார்பு அகலம். கண் எப்போதும் சிவந்திருந்தது. முத்துக் குளிக்கிற சலாபம் நடந்து வருஷக்கணக்காகிவிட்டது, இப்போது சங்குதான் குளிக்கிறோம், அதுவும் கடல் கலங்கிக் கிடக்கிற இந்த மாதங்களில் இல்லை என்றான். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"தண்ணிக்குள்ள போறது எங்க தொழிலு அண்ணாச்சி. தண்ணிக்குக் கீழ மண்ணுக்குள்ள போறது எலி தொழிலுல்லா?"

வீட்டுக்குள்ளிருந்து அவன் மனைவி மிக்கேலம்மாளும், அவளுடைய அண்ணன் தொம்மையும் வந்தார்கள். தொம்மை கட்டையான ஆள். உள்ளங்கை இரண்டும் காய்த்துப்போய்ப் பலகை மாதிரி இருந்தன. அவன் கடலில் இறங்குவதில்லை. கித்தேரியான் இறங்கும்போது வள்ளத்தில் நின்று அவன் கயிற்றைப் பிடிப்பதுதான் அவனுடைய வேலை.

சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார்கள். சீலா மீன் குழம்பு. எங்கள் யாழ்ப்பாணத்தில் வறுத்த தூளும் தேங்காய்ப்பாலும். இவர்கள் தேங்காயைப் பட்டுப்போல அரைத்து ஊற்றுகிறார்கள். எங்கள் குழம்பு இதைவிடத் திறம் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே மூன்று முறை சோறு வாங்கினேன். தொம்மை தன் தட்டில் விழுந்த நடுத்துண்டை எடுத்துக் கித்தேரியான் தட்டில் வைத்தான். கித்தேரியான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அதைத் தின்றான்.

"ஏளா, கொழும்பு அண்ணாச்சிக்குக் குழம்பு ஊத்து" என்றான் தொம்மை.

கயிற்றை எப்போதும் இவர்தான் பிடிப்பாரா என்று கேட்டேன்.

"எங்கண்ணந்தான் பிடிக்கணும்" என்றாள் மிக்கேலம்மாள். "குளிக்கிறவனுக்குப் பொண்டாட்டிகூடப் பொறந்தவன் கயிறு பிடிக்கிறதுதான் இங்கன முறை. வேற யாரு பிடிச்சாலும் என்னைக்காவது ஒருநாள் அசந்துருவான். எங்கண்ணன் அசந்தா தாலி அறுக்கிறது அவன் தங்கச்சில்லா."

நல்ல ஏற்பாடு என்றேன். எனக்கும் ஒரு தங்கை, அவளுக்கும் ஒரு புருஷன் என்று ஆரம்பித்தவன் நிறுத்தவில்லை. லண்டனுக்குப் போனதையும், மாலையையும், சாய்மனைக் கதிரையையும், கணக்கில் அவன் விடுகிற பிழைகளை நான் திருத்துவதையும் சொன்னேன். "இப்ப அவன் லண்டனிலை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிப்பான்" என்று முடித்தேன். மிக்கேலம்மாள் என்னைப் பார்த்துக்கொண்டே குழம்பு ஊற்றினாள். அதற்குப் பிறகு தூத்துக்குடியில் இருந்தவரை என் சாப்பாடு அந்த வீட்டில்தான் நடந்தது. என் பேச்சில் துரைராசாவும் ஒவ்வொரு வேளையும் எங்களோடு சாப்பிட உட்கார்ந்தான்.

சோதித்துப் பார்க்காமல் யாரையும் கொழும்புக்குக் கொண்டுபோக முடியாது. துறைமுகத்தருகே ஒரு பட்டறையில் பழைய நீராவிப் படகின் கொதிகலனும் ஒரு கம்ப்ரெசரும் இருந்தன. பட்டறை முதலாளியை எல்லோரும் அண்ணன் என்ற மரியாதையில் சாகுல் காக்கா என்றார்கள், அவர் காயல்பட்டினத்தில் இருந்தார். அவருடைய சம்மதம் வாங்க பஸ் ஏறினேன்.

அது கரி பஸ். சண்டைக் காலத்தில் பெட்ரோல் இல்லாமல் கரி அடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்தது, இன்னும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது என்பதை மரியாதைக்குச் சொல்கிறேன். முக்காணி தாண்டுவதற்குள் அது இரண்டு முறை அணைந்துபோனது. ஆம்பிளைகள் இறங்கித் தள்ளினோம். பக்கத்தில் தள்ளிய பெரியவர் கொற்கைக்காரர். அந்தக் காலத்தில் எங்க ஊருதான் துறைமுகம், கப்பலெல்லாம் அங்கனதான் வந்து நிக்கும், ஆத்து மணல் வந்து வந்து கடலையே தள்ளிட்டு, இப்ப நெல்லு நட்டுக்கிட்டு இருக்கோம் என்றார். பஸ்ஸைத் தள்ளுவதை நிறுத்தாமலே இதைச் சொன்னார்.

கரி பிடிக்கிறவரை தாமிரபரணி மணலில் போய் நின்றேன். பெண்கள் ஊற்றுத் தோண்டிக் குடிதண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையால் தோண்டத் தோண்ட நாலு பக்கத்து மணலும் வழுக்கி உள்ளே விழுந்தது. எவ்வளவு அள்ளினாலும் குழி அதே அளவுதான். அந்த வழுக்குகிற மணலுக்குள், தலைக்கு மேல் ஓர் ஆறு ஓட, நான் ஆள்களை நிறுத்தவேண்டும். லண்டன் மண்ணில் பாதி களிமண் என்று கேள்வி. துரைராசாவுக்கு அங்கேயும் இளகின வேலைதான் கிடைத்திருக்கும்.

சாகுல் காக்கா நல்ல மனிதர். வாடா என்கிற அவர்கள் ஊர்ப் பலகாரமும் இஞ்சி போட்ட தேநீரும் கொடுத்தார். பட்டறையைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளுங்கள் என்றார். பிறகு, கொழும்பில் எந்தக் கம்பெனி என்று கேட்டார். சொன்னேன்.

"அட, நம்ம துரைராசா தம்பி கம்பெனியா? எனக்குக் கொழும்பு பெட்டாவுல கடை இருக்கு. பெருநாளைக்குப் பெருநாள் வந்து ஸலாம் சொல்லிட்டுப் போவாரு. தங்கமான புள்ளயாச்சே!"

கடல் தாண்டி, தோணி ஏறி, கரி பஸ் தள்ளி வந்தும் அவன் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான். பாதி வாடாவைத் தட்டில் திருப்பி வைத்தேன்.

திரும்பி வந்து, கடற்கரையில் குளியாட்களைக் கூட்டி வைத்து விளக்கினேன். அலை நனைக்கிற இடத்தில் ஒரு குழி தோண்டினேன். அது உடனே தூர்ந்தது. பிறகு ஒரு மண் சட்டியைக் கவிழ்த்துத் தண்ணீருக்குள் அமுக்கினேன். உள்ளே காற்று இருக்கிறது, அதனால் தண்ணீர் ஏறாது. சுரங்கமும் அப்படித்தான். உள்ளே காற்றை அமுக்கி அமுக்கி ஏற்றுவோம். அந்தக் காற்று மணலையும் தண்ணீரையும் எதிர்த்துத் தள்ளிக்கொண்டு நிற்கும். நீங்கள் காய்ந்த மணலை வெட்டுவது மாதிரி வெட்டலாம். வாசலில் இரண்டு கதவு வைத்த ஓர் இரும்பு அறை உண்டு. உள்ளே போகும்போது அதில் காற்றை ஏற்றவேண்டும். வெளியே வரும்போது ஒரு வால்வைத் திறந்து மெதுவாக, மிக மெதுவாகக் காற்றை இறக்கவேண்டும். அவசரப்பட்டால் ஆள் போய்விடும்.

"அப்ப அந்தத் திருகுதான் கயிறு" என்றான் தொம்மை. அவர்கள் வாயில் வால்வு அன்றே திருகாகிவிட்டது.

கித்தேரியான் முதலில் சோதனைக்கு வருவதாகச் சொன்னான். அவன் தேறினால் மற்றவர்கள் வருவார்கள். ஒரே ஒரு பேச்சு, திருகைத் தொம்மை பிடிக்கவேண்டும். பட்டறை ஆள் பழக்கமானவர் என்று எவ்வளவோ சொன்னேன். கித்தேரியான் கேட்கவில்லை. சரி என்று தொம்மையை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். இவ்வளவுதான் திறக்கவேண்டும், அழுத்தமானியின் இந்த முள் இப்படித்தான் இறங்கவேண்டும், உள்ளேயிருந்து நான் இரும்பில் தட்டினால் உடனே மூடவேண்டும். தொம்மை எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். திருப்பிச் சொல்லச் சொன்னபோது ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னான்.

நானும் கித்தேரியானும் கொதிகலனுக்குள் போனோம். உள்ளே இரண்டு பேர் குந்தி உட்காரலாம். என் கையில் டார்ச் லைட். கதவை இறுக்கினார்கள். காற்று சீறிக்கொண்டு ஏறியது. முதலில் காது வலிக்கும், எச்சில் விழுங்கினால் போகும் என்று நான் அவனுக்குச் சொல்ல வாயெடுத்தேன். என் காதுதான் வலித்தது. அவன் மூக்கைப் பிடித்து ஒரு முக்கு முக்கிவிட்டு நிம்மதியாக இருந்தான். கொஞ்ச நேரத்தில் அடுப்படி மாதிரி வெக்கை. ஐந்து பாகம், அதாவது முப்பது அடி ஆழத் தண்ணீரில் இருக்கிற அழுத்தம் வந்ததும் நிறுத்தினார்கள். பேசினால் குரல் தகரத்தில் விழுந்தது போலக் கேட்டது. அவன் சீட்டியடித்துப் பார்த்தான், வரவில்லை. அமுங்கிய காற்றில் சீட்டி வராது. ஐந்து பாகத்துல மூச்சு விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கோமே என்று அவனுக்கு ஒரே ஆச்சரியம். குழந்தை மாதிரிச் சிரித்தான்.

பிறகு காற்றை இறக்கத் தொடங்கினார்கள். வெக்கை போய்க் குளிர் வந்தது. குளிரோடு வெள்ளையாகப் பனிமூட்டம் எழும்பி டார்ச் வெளிச்சத்தை மறைத்தது. காது திறந்து திறந்து மூடியது. கடலில் மேலே ஏறி வரும்போதும் காது அப்படித்தான் செய்யும்.

அங்கேதான் பிழை நடந்தது. கித்தேரியானின் உடம்பு தான் மேலே ஏறுவதாக நினைத்துக்கொண்டது. சிறுவயதிலிருந்து பழகிய உடம்பு. கண்ணை மூடினான். மூக்கை விரலால் பிடித்தான். வாயை இறுக்கி மூச்சை அடக்கினான்.

கடலில் அது சரி. மேலே எடுத்த மூச்சோடு இறங்குகிறான், மேலே வந்தால் அது பழைய அளவுக்கே வரும். இங்கே அவன் அமுங்கிய காற்றை உள்ளே இழுத்து அடைத்து வைத்திருந்தான். வெளியே அழுத்தம் குறையக் குறைய அது நெஞ்சுக்குள் பெருகும். பெருகினால் நுரையீரல் கிழியும்.

மூச்சை விடு என்று கத்தினேன். அந்தச் சீறலில் அவனுக்குக் கேட்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். அவன் இன்னும் இறுக்கினான். உடனே மூடட்டும் என்று டார்ச்சால் இரும்பில் தட்டினேன், பலமாகத் தட்டினேன்.

தொம்மை திருகை மூடவில்லை. முழுவதும் திறந்துவிட்டான்.

கொதிகலன் அலறியது. பனி ஒரே வெள்ளையாய் மூடிக்கொண்டது. என் இடது காதில் யாரோ கம்பியைச் செருகியது போல ஒரு வலி. நான் கையால் தடவி அவன் வயிற்றைக் கண்டுபிடித்து, என்னால் முடிந்த மட்டும் ஒரு குத்து விட்டேன். ஹா என்று அவன் வாய் திறந்தது. திறந்த வாயை மறுபடி மூடவிடவில்லை. விரலைக் கொடுத்தேன், கடித்தான், அப்படியே வைத்திருந்தேன்.

கதவு திறந்தது. தொம்மை உள்ளே பாய்ந்தான். என்னை மிதித்துக்கொண்டுதான் போனான். கித்தேரியானை இரண்டு கையாலும் தூக்கி வெளியே கொண்டுபோய் மணலில் கிடத்தி, அவன் மூக்கில் வழிந்த ரத்தத்தைத் தன் வேட்டியால் துடைத்தான். மாதாவே, மாதாவே என்று அழுதான். கித்தேரியான் இருமினான், துப்பினான், பிறகு எழுந்து உட்கார்ந்தான். உயிருக்கு ஒன்றுமில்லை. பட்டறை முழுவதும் அவனைச் சுற்றி நின்றது. நான் கொதிகலன் வாசலில் காதைப் பொத்திக்கொண்டு நானாகவே தவழ்ந்து வந்தேன். ஒரு காது கேட்கவில்லை, விரலில் பல் பதிந்திருந்தது. அந்த நேரத்திலும் எனக்கு வந்தது பொறாமைதான். எனக்காக ஒரு மனிதன் இப்படிப் பதறி அழுது நான் பார்த்ததில்லை.

கொஞ்சம் ஆறியதும் தொம்மையைப் பிடித்துக்கொண்டேன். "தட்டினால் மூடச் சொன்னேன் அல்லோ? வடிவாத் திருப்பிச் சொன்னீரே!"

"சொன்னேன் அண்ணாச்சி. நீங்க தட்டுன சத்தம் கேட்டதும் எல்லாம் மறந்துபோச்சு" என்றான் அவன். "கீழேருந்து கயித்த அசைச்சா இழுக்கணும். எதுக்கு அசைச்சான்னு யோசிக்க மாட்டோம். யோசிச்சா ஆளு போயிருவான். கை தானா இழுத்துட்டு."

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது நான் யோசித்துக்கொண்டிருந்தேன். இவர்கள் கையை மாற்ற முடியாது, சட்டத்தைத்தான் மாற்றவேண்டும். தட்டினால் திறப்பது அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது என்றால், தட்டுவதே வேண்டாம். காற்று இறங்குகிற நேரம் முழுவதும் உள்ளே இருப்பவன் உரக்கப் பாடவேண்டும். பாடுகிறவன் மூச்சை அடக்க முடியாது. வெளியே இருப்பவன் பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கவேண்டும். பாட்டு நின்றால் திருகை மூடவேண்டும்.

மறுநாள் காதில் பஞ்சோடு போய்ச் சொன்னேன். கித்தேரியான் மூக்கில் பஞ்சோடு கேட்டான். மறுபடி கொதிகலனுக்குள் போகலாம் என்று அவனே சொன்னான். அவர்கள் வள்ளம் தள்ளும்போது பாடுகிற ஏலேலோப் பாட்டை அவன் உள்ளே பாட, தொம்மை வெளியே கொதிகலனில் காதை வைத்துக்கொண்டு திருகைப் பிடித்தான். நடுவில் கித்தேரியான் தும்மினான். பாட்டு ஒரு நொடி நின்றது. திருகு அந்த நொடியே மூடியது. எனக்குத் தெரிந்து லண்டனில் இந்த முறை கிடையாது. துரைராசா திரும்பி வந்து என்னிடம் கற்றுக்கொள்ளட்டும் என்று வாய்விட்டே சொன்னேன். அந்த ஒரு நாள் முழுவதும் எனக்கு யார்மேலும் பொறாமை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து குளியாட்கள் குடும்பத்தோடு கடற்கரையில் கூடினார்கள். கொழும்புக்கு வருகிறோம் என்றார்கள். ஆளுக்கொரு திருகுக்காரன், அவனவன் பொண்டாட்டிகூடப் பிறந்தவனாக இருக்கவேண்டும், அவனுக்கும் கூலி உண்டு. நான் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொண்டேன். ஒப்புக்கொள்ளும்போதே என் மனக்கண்ணில் ஆற்றின் அக்கரையில் என் தலை வெளியே வந்துவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். பூரணம் அழுதாள். துரைராசா கூட்டத்தின் பின்வரிசையில் நின்றான்.

"ஒங்களுக்கு யாரு பிடிப்பாவ?" என்றாள் மிக்கேலம்மாள்.

"என்ன?"

"எல்லாருக்கும் முன்னால நீங்கதானே போறிய. ஒங்க திருக யாரு பிடிப்பாவ? பொண்டாட்டிகூடப் பொறந்தவுக உண்டுமா?"

"நான் கலியாணம் கட்டேல்லை" என்றேன்.

யாரோ ஒருவன் சிரித்தான். மற்றவர்கள் சிரிக்கவில்லை. தொம்மை தலையைச் சொறிந்தான்.

"கட்டாதவன் எங்கள்ல கயிறுதான் இழுப்பான் அண்ணாச்சி. எறங்க மாட்டான். அவனுக்குக் கயிறு இல்லல்லா."

கம்பெனி ஆள் ஒருவர் எனக்குப் பிடிப்பார் என்றேன். கம்பெனி ஆளு கம்பெனிக்குத்தான் பிடிப்பான் என்றார்கள். முன்னால போறவுக விழுந்தா பின்னால நிக்கிற எங்க ஆளுவளும் விழணும், கயிறு இல்லாதவுக பின்னால எறங்கமாட்டோம் என்றார்கள். எனக்குக் கோபம் வந்தது. தொம்மையைப் பார்த்துக் கேட்டேன்.

"அண்டைக்கு எனக்கும் சேர்த்துத்தானே நீர் பிடிச்சனீர்?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியவில்லை.

"இல்ல அண்ணாச்சி. அன்னைக்கு நீங்களும் உள்ள இருக்கியங்கிறது எனக்கு நெனப்பே இல்ல."

கித்தேரியான் சமாதானமாகச் சொன்னான். "ஒங்க தங்கச்சி மாப்பிள்ள முன்னால போட்டுமே. அவுகளுக்குத்தான் நீங்க இருக்கியல்லா. அவுக பின்னாலன்னா நாங்க எல்லாரும் வாரோம்."

கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வடக்கே கொஞ்ச தூரம் போனால் தருவைகுளம். அங்கேயும் கடலில் இறங்குகிற ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு மனைவி உண்டு, மனைவிக்கு ஒரு தம்பி உண்டு என்று அங்கே போய்ச் சொன்னால் யார் கொழும்புக்கு வந்து பார்க்கப்போகிறார்கள்? ஒரே ஒரு பொய். சுரங்க முகப்பு என்னுடையது. பொய் சொல்வதற்கு வேண்டிய தம்பிக்குப் பெயர்கூட வைத்துவிட்டேன்.

"இன்னொண்ணு கேக்கணும்" என்றாள் மிக்கேலம்மாள். "எங்க வீட்டுல சாப்பிட்ட நேரமெல்லாம் அவுகள ஏசிக்கிட்டுத்தானே இருந்திய. அவுக திருக நம்பி ஒங்க கையில குடுக்கலாமா?"

இதற்கு அவள் அண்ணனே, சும்மா இரி ஏளா என்றான். அவள் இருக்கவில்லை. பதிலுக்காக என்னையே பார்த்தாள். அவளுக்கு அது மரியாதைக் குறைவான கேள்வி இல்லை, தொழில் கேள்வி.

மனத்துக்குள் அந்தக் கொதிகலனில் துரைராசாவை உட்காரவைத்துப் பார்த்தேன். பனி எழும்புகிறது. அவனுக்குப் பாட்டு வராது, கலியாண வீடுகளில் எல்லோரும் காதைப் பொத்துவார்கள். கர்ண கடூரமாகத் தேவாரம் பாடுகிறான். நான் வெளியே வால்வைப் பிடித்துக்கொண்டு, அவனுடைய லண்டனையும் மாலையையும் நினைத்துக்கொண்டு நிற்கிறேன். பாட்டு நின்றுவிடுகிறது.

என் கை திருகியது. வெறுங்காற்றில், அந்தக் கடற்கரையில், அத்தனை பேருக்கும் முன்னால் என் வலது கை, மூடுகிற வலப்பக்கமாக இறுக்கித் திருகி அப்படியே நின்றது. நான் திருக நினைக்கவில்லை. தொம்மை அதைப் பார்த்துவிட்டான். தன் தங்கையைப் பார்த்து, "பிடிப்பாவ" என்றான். அவள் சரி என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஆள்களுக்குக் கட்டுச்சோறு கட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

தருவைகுளத்துக்குப் போகவில்லை. காற்று நன்றாக இருந்ததால் தோணி இந்த முறை எங்கும் நிற்காமல் ஓடியது. குளியாட்களும் மச்சான்மார்களும் ஜோடி ஜோடியாகச் சாய்ந்து கிடந்தார்கள். நான் ஒரு மூட்டை மேல் தனியாக உட்கார்ந்திருந்தேன். துரைராசாவுக்கு லண்டன் கிடைத்தது. சீதன வீடு கிடைத்தது. இப்போது ஆற்றின் அடியும் கிடைத்துவிட்டது. அக்கரையில் அவன் தலைதான் முதலில் வெளியே வரும். இவை எல்லாவற்றுக்கும் எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். அவன் பாட்டு நின்றால், யோசிக்காமல் திருகை மூட அவனுக்கு நான் இருக்கிறேன். பொறுக்க முடியாமல் இருந்தது அதுதான்.